பதவி முடிந்து வகுப்பறைக்குத் திரும்பும் பேராசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர், டீன், கல்லூரி முதல்வர் என்று எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதற்கு ஒரு கெடு உண்டு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் 3 ஆண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 5 ஆண்டு. கல்லூரி முதல்வருக்கு 5 ஆண்டு என்றும், செயல்பாட்டைப் பார்த்து இன்னொரு 5 ஆண்டு நீட்டிக்கலாம் என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. காலம் முடிந்ததும் அவர் தாய் நிறுவனத்துக்குப் பேராசிரியராகத் திரும்ப வேண்டும் என்பதும் அதே ஒழுங்குமுறையில்தான் இருக்கிறது.

பதவிக்குப் போகிறவருக்கு வழிகாட்ட ஊரே இருக்கிறது. திரும்பி வருகிறவருக்கு யாரும் இல்லை. பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அவர் துறைக்குள் நுழையும்போது எந்த அறை, எந்தப் பாடம், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்க விடுகிறோம். திறமையான ஆசிரியர்கள் இப்படி வந்து, கடைசி ஐந்தாறு ஆண்டுகளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கழித்துவிட்டுப் போவது எனக்குத் தாங்க முடியாத இழப்பாகப் படுகிறது. அவர்களுக்காகத்தான் இது. தமிழ்நாட்டுச் சூழலை வைத்தே எழுதுகிறேன்.

முடியும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். உயிர்வேதியியலாளர் ஜி. பத்மநாபன் 1994 முதல் 1998 வரை பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பதவிக்குப் பிறகு ஆய்வகத்தை விடவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் மலேரியாவுக்கு எதிராக எப்படி வேலை செய்கிறது என்ற ஆய்வு, அவர் இயக்குநர் நாற்காலியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது.

படி 1: ஓராண்டுக்கு முன்பே கணக்குப் போடுங்கள்

முதலில் வயதுக் கணக்கு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஓய்வு வயது 60, மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65. பதவி முடியும் நாளிலிருந்து ஓய்வு நாள் வரை எத்தனை பருவங்கள் மிஞ்சுகின்றன என்று தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

பலர் கவனிக்காத ஒரு விதி இங்கே குறுக்கே வரும். யுஜிசியின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி, ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய ஆய்வு மாணவரைச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களை ஓய்வு வரை வழிநடத்தலாம். அதன் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். ஆக, ஐம்பத்தேழரை வயதில் பதிவாளர் பொறுப்பை விட்டு வரும் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர், 'வந்ததும் நாலு ஸ்காலர் சேர்த்து ஒரு குழுவை உருவாக்குவேன்' என்று கனவு கண்டால் அது நடக்காது. அவர் பதவியில் இருக்கும்போதே ஒருவரையாவது சேர்த்திருக்க வேண்டும், அல்லது கற்பித்தலை மையமாக வைத்துத் திட்டமிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் தன் விதிகளில் இதை எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தாள்கள். சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே கூடுதல் பொறுப்பாகப் பதிவாளர் வேலை பார்த்தவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. வேறு பல்கலைக்கழகத்துக்கு அயற்பணியில் போனவர்தான் கவனமாக இருக்க வேண்டும். லியன் எனப்படும் பணியிட உரிமை எந்தத் தேதி வரை இருக்கிறது, நீட்டிப்புக்கு ஆணை வந்ததா, ஓய்வூதியத்துக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டிய பங்களிப்பை அந்த நிறுவனம் கட்டியதா என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பவர்கள், மாதாமாதம் பணம் தங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். துணைவேந்தராக இருந்த காலம் பணிக்காலத்தின் பகுதியே என்று 2018 ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பணிப் பதிவேட்டில் பதிவாகாத உரிமைக்காக ஓய்வு பெறும் நேரத்தில் அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டிவரும். நீங்கள் பதவியில் இருக்கும்போது ஒரு வாரத்தில் முடிகிற வேலை, இறங்கிய பிறகு ஓராண்டுகூட இழுக்கும்.

படி 2: சுத்தமாக ஒப்படையுங்கள்

கடைசி மூன்று மாதங்களில் பெரிய நியமனம், பெரிய கொள்முதல், புதிய கட்டடம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். சட்டப்படி அதிகாரம் இருந்தாலும் வேண்டாம். அடுத்து வருகிறவர் சுமக்க வேண்டிய முடிவை நீங்கள் எடுத்துவிட்டுப் போவது முறையல்ல.

மாநிலப் பல்கலைக்கழகக் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. தணிக்கைத் தடைகள் எனப்படும் ஆட்சேபணைகள் பெரும்பாலும் நீங்கள் போன பிறகுதான் வரும். அப்போது விளக்கம் கேட்டு உங்கள் பெயருக்குக் கடிதம் வரும். கோப்போ உங்களிடம் இருக்காது. அதனால் விதிக்குச் சற்று விலகி எடுத்த முடிவுகள் ஏதாவது இருந்தால், ஏன் எடுத்தீர்கள் என்ற காரணம் கோப்பிலேயே குறிப்பாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மூலக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஒப்படைப்புப் பட்டியலின் கையெழுத்திட்ட நகல் மட்டும் உங்களிடம் இருந்தால் போதும். நிலுவையில் உள்ள நீதிமன்ற வழக்குகளைப் பட்டியலிட்டு, எதில் உங்கள் பெயர் இருக்கிறது, எதில் பதவியின் பெயர் மட்டும் இருக்கிறது என்று பிரித்து எழுதுங்கள். பெயர் குறிப்பிட்ட வழக்குகள் உங்களோடு துறைக்கும் வரும்.

சின்னதாகத் தெரிகிற, ஆனால் தலைவலி தருகிற இன்னொரு சங்கதி கைபேசியும் கையொப்பமும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அரசு இணையதளங்களில் உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி ஆகிய எல்லாவற்றையும் மாற்றியதற்கு எழுத்துப்பூர்வ உறுதி வாங்குங்கள். பதவி போய் ஆறு மாதம் கழித்தும் ஓடிபி கேட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறதென்றால், உங்கள் பெயரில் இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

குடியிருப்பையும் காரையும் உரிய நாளில் விட்டுவிடுங்கள். கூடுதலாக ஒரு மாதம் தங்க அனுமதி கிடைக்கும் என்றாலும் கேட்காமல் இருப்பதே கௌரவம்.

படி 3: நடுவில் ஒரு இடைவெளி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தலைவரையோ, கல்விப் பணிகளின் தலைமை அதிகாரியான புரொவோஸ்டையோ நியமிக்கும்போதே, திரும்பி ஆசிரியராவதற்கான உரிமை, அதற்கு முன் சம்பளத்துடன் சில மாத விடுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். இங்கே வெள்ளிக்கிழமை மாலை பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் திங்கள் காலை வகுப்புக்குப் போகிறவர்கள்தான் அதிகம். துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழு நிர்வகிக்கும் பல்கலைக்கழகங்களிலும் பொறுப்புப் பதிவாளர் முறை உள்ள இடங்களிலும் இன்னும் மோசம்; காலையில் வகுப்பு, மதியம் நிர்வாகம் என்று இரண்டும் ஒன்றாகவே ஓடுகின்றன.

வழி இல்லாமல் இல்லை. இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ 7 ஆண்டு பணி முடித்த நிரந்தர ஆசிரியருக்கு ஆய்வுக்கான சபாட்டிகல் விடுப்பு தரலாம் என்று 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் கிடையாது, பணிக்காலம் முழுவதற்கும் 2 ஆண்டு. பதவியில் இருக்கும்போதே விண்ணப்பத்தைத் தயாரியுங்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் முடிவு உங்களுக்கு அடுத்தவர் கையில் இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பில் ஒன்றிரண்டு மாதமாவது எடுங்கள். எப்படியிருந்தாலும் பருவத்தின் நடுவில் போய்ச் சேராதீர்கள். அரைகுறையாக வேறொருவர் நடத்திய பாடத்தை வாங்கி நடத்துவது உங்களுக்கும் கஷ்டம், மாணவர்களுக்கும் கஷ்டம்.

படி 4: துறைத் தலைவரின் அறைக்கு நீங்கள் போங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கடினம்.

துறைத் தலைவர் உங்களிடம் படித்தவராக இருக்கலாம். அவரது நியமன ஆணையில் கையெழுத்திட்டதே நீங்களாக இருக்கலாம். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்று, தன் நாற்காலியைக் காட்டி, "சார், உட்காருங்க" என்பார். எதிரே உள்ள நாற்காலியில் உட்காருங்கள். அவரைப் பெயர் சொல்லியும் 'நீ' என்றும் அழைத்துப் பழகியிருந்தாலும், மற்றவர்கள் முன்னால் 'நீங்க', 'வாங்க' என்றே பேசுங்கள். "எனக்கு என்ன பாடம் தர்றீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே அவருக்குப் பாதிப் பதற்றம் போய்விடும்.

யுஜிசி கணக்கில் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு 14 மணி நேரம். முன்னாள் துணைவேந்தர் என்பதற்காகத் துறையில் தயங்கித் தயங்கி 4 மணி நேரம் போடுவார்கள். ஏற்காதீர்கள். மீதி 10 மணி நேரத்தை உதவிப் பேராசிரியர் ஒருவரோ கௌரவ விரிவுரையாளர் ஒருவரோ சுமப்பார்; அவர் வெளியில் சொல்லவும் மாட்டார். பழைய அறை வேறொருவரிடம் போயிருந்தால் கேட்காதீர்கள். மேசை, அலமாரி, இணைய இணைப்பு இருக்கிற எந்த அறையும் போதும். தனி உதவியாளர் வேண்டாம். வருகைப் பதிவில் எல்லோரையும் போலப் பதியுங்கள்.

துறைக் கூட்டங்களில் முதல் பருவம் முழுவதும் கடைசியாகப் பேசுங்கள், அல்லது கேட்டால் மட்டும் பேசுங்கள். நீங்கள் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அங்கே விவாதம் முடிந்துவிடும். 'நான் இருந்தபோது' என்று தொடங்கும் வாக்கியங்களை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஒரு விதியின் பின்னணி உங்களுக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை வந்தால், கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் தனியாகச் சொல்லலாம்.

அப்புறம், பழைய கணக்குகள் இருக்கும். பதவி உயர்வு கிடைக்காதவர், விசாரணைக் குழுவைச் சந்தித்தவர், இடமாற்றம் பெற்றவர் யாராவது ஒருவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். அவர் வணக்கம் சொல்லாமல் கடந்து போவார். நீங்கள் சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள். பழைய முடிவை நியாயப்படுத்தி விளக்கம் கொடுக்க முயலாதீர்கள். அவர் கேட்டால் மட்டும் பொறுமையாகப் பேசுங்கள். முடிவு சரியாகவே இருந்திருந்தாலும் அதனால் அவருக்கு ஏற்பட்ட வலி உண்மையானது.

எதிர்ப்பக்கத்து ஆட்களும் வருவார்கள். "சார், புது ரிஜிஸ்ட்ரார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." இதற்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "மனுவை முறைப்படி கொடுங்க, நான் பேசுறது சரியா இருக்காது." ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் வாசலில் வரிசை நிற்கும். பத்திரிகையாளர்கள் கேட்டாலும், சங்கத்துக்காரர்கள் கேட்டாலும், அடுத்து வந்தவரின் நிர்வாகம் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். அவர் தானாக உங்களை அழைத்துக் கேட்டால் முழு மனதோடு உதவுங்கள்.

படி 5: மாணவர்களிடம் போவதற்கு முன்

நீங்கள் இல்லாத காலத்தில் வகுப்பறை மாறிவிட்டது. எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வினாவுக்கும் கற்றல் விளைவு எண் போட்டு வினாத்தாள் தயாரிக்க வேண்டும். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகள் கால அட்டவணையில் இடம் பிடித்திருக்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டுக்கு எழுதக் கொடுக்கும் கட்டுரையை வைத்து ஒரு மாணவரின் திறமையை அளக்க முடியாத நிலை வந்துவிட்டது.

இவற்றை ஆணைகளாகவும் சுற்றறிக்கைகளாகவும் நீங்களே அனுப்பியிருப்பீர்கள். வகுப்பில் அவை என்னவாக வந்து இறங்கின என்பது வேறு விஷயம். துறையில் நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்கள் சொல்லும் இளைய ஆசிரியர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய இரண்டு மூன்று வகுப்புகளில் பின்வரிசையில் உட்காருங்கள். குறிப்பு எடுங்கள், மதிப்பிடாதீர்கள்.

பாடம் தேர்ந்தெடுப்பதில் என் ஆலோசனை இது. முதல் பருவத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அடிப்படைப் பாடத்தை, முடிந்தால் முதுகலை முதலாண்டுக்கு, எடுங்கள். கூடவே நீங்கள் புதிதாகப் படித்துத்தான் நடத்த முடியும் என்கிற ஒரு விருப்பப் பாடத்தையும் எடுங்கள். முதலாவது நம்பிக்கையைத் திருப்பித் தரும், இரண்டாவது படிக்க வைக்கும். பழைய குறிப்பேட்டைத் தூசு தட்டி எடுத்துப் போகாதீர்கள். எடுத்துக்காட்டுகள் எல்லாம் பழசாகியிருக்கும்.

இன்னொன்று, குரல். ஆண்டுக்கணக்கில் நீங்கள் பேசும்போது யாரும் குறுக்கிட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும்: நீளமான முன்னுரை, அறிவுரை, விழா மேடைத் தொனி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவி தமிழில் பதில் சொன்னால் அப்படியே ஏற்று, அதிலிருந்து மேலே போங்கள். முன்னாள் துணைவேந்தரிடம் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்து வாய் திறக்காத பிள்ளைகள் உங்கள் வகுப்பில்தான் அதிகம் இருப்பார்கள். அந்தப் பயத்தைக் கரைப்பது உங்கள் வேலை. முதல் நாள் அறிமுகத்தில் பழைய பதவியைச் சொல்லாமல் பாடத்தைப் பற்றிப் பேசித் தொடங்கினாலே பாதி கரைந்துவிடும்.

குடியரசுத் தலைவர் பதவிக்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அப்துல் கலாம், 2007-இல் பதவி முடிந்ததும் மறுபடி கற்பித்தலுக்கே வந்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் ஐஐஎம்மில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சரிந்து விழுந்தார். அவ்வளவு பெரிய பதவியிலிருந்து வந்தவருக்கே வகுப்பறை சிறியதாகத் தெரியவில்லை.

படி 6: ஆய்வை மறுபடி தொடங்குவது

முதல் கடன், நீங்கள் பதவியில் இருந்தபோது உங்களிடம் பதிவு செய்திருந்த ஆய்வு மாணவர்களுக்கு. அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவரோடும் வாரம் ஒரு மணி நேரம் என்று நாள் குறித்து உட்காருங்கள். பேராசிரியர் ஒருவர் 8 பிஎச்.டி. மாணவர்கள் வரை வைத்திருக்கலாம் என்று விதி சொன்னாலும், இருப்பவர்கள் முடிக்கும்வரை புதிதாகச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

அடுத்து ஒரு சங்கடமான வேலை. பதவிக் காலத்தில் வெளிவந்த கட்டுரைகளில், மரியாதைக்காக உங்கள் பெயரைச் சேர்த்தவை இருக்கலாம். அவற்றைச் சுயவிவரக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி யாராவது அப்படிச் சேர்க்க வந்தால் மறுத்துவிடுங்கள்.

வெளியே களமும் மாறியிருக்கிறது. எந்த இதழில் வெளியிடலாம் என்று பார்க்க நாம் நம்பியிருந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை இனி நீங்களே விசாரிக்க வேண்டும். அறிவியல் துறைகளுக்கு நிதி தந்த செர்ப் என்ற மத்திய அரசு வாரியம், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. விண்ணப்பப் படிவங்களும் திட்டங்களும் புதியவை. நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. விட்டுப்போன ஆண்டுகளின் கட்டுரைகளைப் படிக்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடையாது. முதல் ஆறு மாதம் வெறுமனே படியுங்கள். எழுத அவசரப்படாதீர்கள்.

பெரிய திட்டத்துக்குத் தலைவராக விண்ணப்பிக்கும் ஆசை வரும். அதற்குப் பதில், துறையில் உள்ள இளையவரின் திட்டத்தில் இணை ஆய்வாளராகச் சேர்ந்து, தரவு சேகரிப்பு, முதல் வரைவு போன்ற உடல் வணங்கிச் செய்யும் வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வாளரின் கை அப்படித்தான் பழகும். மானுடவியல், வரலாறு, தமிழ் போன்ற துறைக்காரர்களுக்கு இது இன்னும் எளிது. ஆவணக் காப்பகத்துக்கோ களத்துக்கோ தனியாகப் போய்விடலாம்.

படி 7: வீடு, பணம், உடம்பு

பதவிப்படிகளும் காரும் ஓட்டுநரும் நின்றுவிடும். மாதச் செலவைப் புதிதாகக் கணக்கிடுங்கள். கைபேசி அடிப்பதும் குறையும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தவர்களில் பலர் வரமாட்டார்கள். துணைவியாருக்கோ கணவருக்கோ இது உங்களைவிட அதிகமாக உறைக்கும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். தள்ளிப்போட்ட கண், பல், சர்க்கரைப் பரிசோதனைகளை அந்த இடைவெளி மாதத்தில் முடித்துவிடுங்கள்.

படி 8: நிர்வாக அனுபவத்தை என்ன செய்வது

அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை, ஆனால் அளவோடு செலவிடுங்கள். முதல் ஆண்டில் எந்தக் குழுவும் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு குழு போதும். என்னைக் கேட்டால் பாடத்திட்டக் குழுவைச் சொல்வேன். மாணவருக்கு நேரடியாகப் போய்ச் சேரும் வேலை அது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழுவில் வேறு கல்லூரிகளை மதிப்பிடுவது, புதிதாகப் பொறுப்பேற்கும் முதல்வர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அவை மெல்ல மெல்ல வகுப்பு நாட்களைத் தின்னும். பருவத்துக்கு எத்தனை நாள் வெளியூர் என்று துறைத் தலைவரிடம் சொல்லி உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த துணைவேந்தர் தேடலுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வயது இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறைந்தது இரண்டு முழுக் கல்வியாண்டு கற்பித்த பிறகு செய்யுங்கள். தேடல் குழுவின் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவரை மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வரவேற்கும் துறைக்கு ஒரு வார்த்தை

இது துறைத் தலைவர்களுக்கு. அவர் சேரும் நாளுக்கு முன் அறை, சாவி, கால அட்டவணை, கணினி, மாணவர் பட்டியல் இவற்றைத் தயாராக வையுங்கள். பயந்து ஒதுங்காதீர்கள், அளவுக்கு மீறிப் பணியவும் வேண்டாம். மற்றவர்களுக்குத் தரும் அதே தேர்வு மேற்பார்வைப் பணியையும் விடைத்தாள் திருத்தும் பணியையும் அவருக்கும் போடுங்கள். முதல் பருவ முடிவில் மாணவர் கருத்துப் படிவத்தை மற்ற ஆசிரியர்களுக்குத் தருவதைப் போல அவருக்கும் தாருங்கள். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் மறைக்காமல் கொடுங்கள். அடுத்த பருவத்தில் எதை மாற்றுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச அது வேண்டும்.